42 வயதுக் கணவர், 9 வயது மகன், ஒரே கேம் கன்சோல்

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, முக்கியமான பகுதிகளை மட்டும் இங்கே தருகிறேன்.

"எனக்கு 38 வயது, கணவருக்கு 42. திருமணமாகி 13 ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன், 9 வயது. இருவரும் வேலைக்குப் போகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கணவர் ஒரு கேம் கன்சோல் வாங்கினார். மகனுக்கு என்றுதான் சொன்னார். ஆனால் தினமும் ராத்திரி பத்தரைக்கு மேல் அதன்முன் உட்காருவது அவர்தான். பன்னிரண்டரை வரை போகும். ஹெட்செட் மாட்டிக்கொண்டு கல்லூரி நண்பர்களோடு விளையாடுவார், சிரிப்பார். கூப்பிட்டால் 'இதோ அஞ்சு நிமிஷம்' என்பார், அரை மணி ஆகும். பாத்திரம், மகனின் ஸ்கூல் பை, என் அலுவலக மெயில் எல்லாம் முடித்து நான் படுக்கும்போது பதினொன்றே கால். நான் பேச நினைக்கும் நேரத்தில் அவர் காதில் ஹெட்செட் இருக்கிறது. காலையில் அவரை எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வேலையில் குறை வைத்ததில்லை. மகனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் முழுக்க அதைத் தொடவும் இல்லை. ஆனாலும் மாமியார், 'இன்னும் சின்னப் பையனாவே இருக்கான்' என்று எல்லோர் முன்னாலும் சொல்லும்போது எனக்கு அவமானமாக இருக்கிறது.

மகன் மாலையில் ஒன்றரை மணி நேரம் அதில் விளையாடுவான். போனை அவன் கையில் நான் கொடுப்பதே இல்லை. கன்சோல் விளையாட்டுச் சாமான்தானே என்று அதை மட்டும் விட்டுவைத்தேன். போன மாதம் ஹெட்செட்டில் ஒரு பெரிய ஆளின் குரல் அவனிடம் 'நீ எந்த ஸ்கூல்?' என்று கேட்டது என் காதில் விழுந்தது. அதே மாதம் கணவரின் கார்டிலிருந்து சின்னச் சின்னத் தொகைகள் பலமுறை போயிருந்தன. கணவர் சுடுகிற, வெட்டுகிற விளையாட்டு ஆடும்போது மகனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான்.

கோபத்தில் கன்சோலைப் பெட்டியில் போட்டுக் கட்டினேன். தங்கையின் 6 வயது மகனுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கணவர் சரியாகப் பேசுவதில்லை. குழந்தைகளின் சாமான் குழந்தையிடம் போகட்டும் என்று நினைத்தது தப்பா? இவருக்கு இருப்பது கேம் அடிமைத்தனம் என்கிறார்களே, அந்த நோயா?"

அன்புச் சகோதரி,

நீங்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் கணவரைப் பற்றியவை. என்னை அதிகம் கவலைப்படுத்தியது, மகனைப் பற்றி நடுவில் எழுதியிருக்கும் சில வரிகள். கன்சோல் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்ற ஒரே எண்ணம் இரண்டு இடத்திலும் வேலை செய்திருக்கிறது. அதனால் 42 வயது மனிதரின் பொழுதுபோக்கு உங்களுக்குக் கேவலமாகத் தெரிகிறது. அதே எண்ணத்தால்தான் 9 வயதுப் பையன் எவரோடும் பேசக்கூடிய ஓர் இயந்திரத்தின் முன் தினமும் தனியாக உட்கார்வதும் பெரிதாகத் தெரியவில்லை. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கவனமான பெற்றோர் பலரும் போடும் கணக்குதான் இது: போன் ஆபத்து, கன்சோல் பரவாயில்லை.

எனவே மகன் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். அது காத்திருக்க முடியாதது.

கன்சோலுக்கு உங்கள் மகன் யார்?

இன்றைய கன்சோல் இணையத்தோடு இணைந்த ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் கடை இருக்கிறது. கார்டு விவரத்தைச் சேமித்து வைக்கலாம். முன்பின் தெரியாதவர்களோடு குரலிலும் எழுத்திலும் பேசலாம், வீடியோ பார்க்கலாம். எதற்கெல்லாம் பயந்து போனைக் கொடுக்காமல் இருக்கிறீர்களோ, அதில் பெரும்பகுதி ஹாலில் டிவிக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மகன் தன் அப்பாவின் அக்கவுன்டில்தான் விளையாடுகிறான் என்று நினைக்கிறேன். கார்டில் பணம் போனதும், பெரிய ஆள் பேசியதும் அதைத்தான் காட்டுகின்றன. அப்படியென்றால் அந்தக் கன்சோலைப் பொறுத்தவரை உங்கள் மகனுக்கு 42 வயது. எந்த விளையாட்டையும் திறக்கலாம், எவரோடும் பேசலாம், எதையும் வாங்கலாம். கன்சோலைத் தயாரித்தவர்கள் குழந்தைகளுக்காக வைத்திருக்கும் பாதுகாப்புகள் எதுவும் அவனுக்குப் பொருந்தாது. அவன் குழந்தை என்று அதற்குத் தெரியவே தெரியாது.

சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்று நிறுவனங்களின் கன்சோல்களிலும் குழந்தைக்குத் தனி அக்கவுன்ட் தொடங்கி, பெற்றோரின் அக்கவுன்டோடு இணைக்கலாம். உண்மையான பிறந்த தேதியைக் கொடுங்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம், எந்த வயதுக்கான விளையாட்டு வரை, பணம் செலவழிக்கலாமா, யாரோடு பேசலாம் என்ற நான்கையும் நீங்களே தீர்மானிக்கலாம். 9 வயதுக்கு என் பரிந்துரை: செலவு பூஜ்யம்; குரல் பேச்சு கிடையாது, அல்லது நீங்கள் நேரில் அறிந்த நண்பர்களோடு மட்டும். அப்புறம் முக்கியமான ஒன்று. கன்சோலைப் பொறுத்து அப்பாவின் அக்கவுன்டுக்கோ கன்சோல் முழுவதற்குமோ ஒரு பின் நம்பர் போட்டுப் பூட்டுங்கள். மகனுக்குத் தனி அக்கவுன்ட் தொடங்கிவிட்டு அப்பாவின் அக்கவுன்டைத் திறந்தே வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அதனால் பயனில்லை.

அந்தக் குரலைப் பற்றி. கேட்ட ஆள் வேறொரு பையனின் அண்ணனாகவோ, பொழுதுபோகாமல் பேசுபவராகவோ இருக்கலாம். ஆனால் ஒரு பெரியவர் குழந்தையிடம் பள்ளியை விசாரிப்பதைச் சும்மா விடக்கூடாது. இன்றே மகனோடு உட்காருங்கள். திட்ட வேண்டாம். "யார் அது, எத்தனை நாளாகப் பேசுகிறார், வேறென்ன கேட்டார்" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பெயர், பள்ளி, படம், போன் நம்பர் எதுவும் கொடுத்தானா என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆளின் பயனர் பெயரைக் குறித்துவைத்து, கன்சோலிலேயே புகார் செய்து, பிறகு பிளாக் செய்யுங்கள். படம் அனுப்பச் சொன்னார், பரிசு தருவதாகச் சொன்னார், வேறு செயலியில் பேசலாம் என்றார், அம்மாவிடம் சொல்லாதே என்றார் – இதில் ஒன்று இருந்தாலும் பேச்சுப் பதிவுகளை அழிக்காமல் காவல்துறையிடம் போங்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். இந்தக் காரணத்துக்காக மகனைத் தண்டிக்காதீர்கள். உண்மையைச் சொன்னால் விளையாட்டு பறிபோகும் என்று ஒரு குழந்தை ஒருமுறை கற்றுக்கொண்டால், அடுத்த முறை நிஜமான ஆபத்து வரும்போது வாய் திறக்காது. "நீ எங்கிட்ட சொன்னது நல்லது" என்பதை அவன் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

கார்டில் போன பணத்துக்கு, எந்த ஆன்லைன் கடையில் வாங்கப்பட்டதோ அங்கேயே ரசீதோடு ரீஃபண்ட் கேளுங்கள். குழந்தை அனுமதியில்லாமல் வாங்கியது என்று தெளிவாக எழுதுங்கள். கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். தாமதித்தால் வாய்ப்பு குறையும். இதற்கும் மகனை மட்டும் குற்றவாளியாக்க வேண்டாம். ஒரே பட்டனில் வாங்க முடிகிற மாதிரி வடிவமைத்த விளையாட்டில், பெரியவர்களே தெரியாமல் வாங்கிவிடுகிறார்கள். 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் கேம்ஸ் நிறுவனம், அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் மொத்தம் 52 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. இரண்டு குற்றச்சாட்டுகள். பெற்றோர் அனுமதி பெறாமல் 13 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைச் சேகரித்ததும், குரல் பேச்சைத் தானாகவே இயங்கும்படி வைத்திருந்ததும் ஒன்று. விரும்பாத பொருள்களை வாங்க வைத்தது இன்னொன்று. உங்கள் வீட்டில் நடந்த இரண்டும் இதே வகைதான்.

கணவர் ஆடும் சண்டை விளையாட்டுகளின் அட்டையில் ஒரு வயது எண் இருக்கும். 1993-ல் மோர்ட்டல் காம்பேட் போன்ற ரத்தம் தெறிக்கும் விளையாட்டுகளைப் பற்றி அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. அதன் விளைவாக 1994-ல் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற தரநிர்ணய அமைப்பு உருவானது. அவர்கள் எம் என்று முத்திரையிட்டால் 17 வயதும் அதற்கு மேலும். ஐரோப்பாவில் 2003 முதல் பெகி என்ற அமைப்பு 3, 7, 12, 16, 18 என்று நேரடியாக எண்ணையே போடுகிறது. குழந்தைகளின் சாமானுக்கு 18 என்று முத்திரை போட வேண்டிய அவசியம் வராது அல்லவா? அந்த எண் காட்சிகளையும் உள்ளடக்கத்தையும் பற்றியது மட்டும்தான் என்பதும் நினைவிருக்கட்டும். 7 வயதுக்கு ஏற்றது என்று போட்ட விளையாட்டிலும், ஆன்லைனில் எதிரே இருப்பவர் என்ன பேசுவார் என்று யாரும் தரம் பிரித்துச் சொல்ல முடியாது.

சண்டை விளையாட்டைப் பார்ப்பதால் மகன் வன்முறையாளனாகிவிடுவானோ என்ற பயம் இருக்கலாம். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் தெளிவாகச் சொன்னது: வன்முறை விளையாட்டுகளையும் உண்மையான வன்முறைச் செயல்களையும் இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை, கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு உண்டு. ஆகவே பீதி வேண்டாம். ஆனால் 18 என்று போட்டதை 9 வயதுப் பையன் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுவது உங்கள் கணவரின் பிழை. இதை அவரிடம் நேராகவே சொல்லுங்கள். இந்தப் பத்தியைக் காட்டினாலும் சரி. மகன் தூங்கிய பிறகு ஆடட்டும்.

இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது

இனி உங்கள் முதல் கேள்வி. இது குழந்தைகளுக்கானதுதானா?

வீட்டு டிவியோடு இணைத்து ஆடும் முதல் கன்சோல், 1972-ல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி. அதன் மூலக் கருத்தைக் கொடுத்த ரால்ஃப் பேர், ராணுவ மின்னணுக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் பொறியாளர். டிவி விற்கும் முகவர்கள் மூலம், குடும்பம் முழுவதும் சேர்ந்து ஆடுவதற்கு என்றுதான் விற்றார்கள். பிறகு 1983-ல் அமெரிக்கச் சந்தையில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. தரமில்லாத விளையாட்டுகள் குவிந்து, கடைக்காரர்கள் வீடியோ கேம் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. அந்த நிலையில் 1985-ல் ஜப்பானின் நின்டெண்டோ தன் கன்சோலை அமெரிக்காவில் இறக்கியபோது, கூடவே ராப் என்ற சின்ன பிளாஸ்டிக் ரோபோவையும் சேர்த்து விற்றது. வீடியோ கேம் என்றால் வாங்கமாட்டார்கள், ரோபோ பொம்மை என்றால் அலமாரியில் இடம் கிடைக்கும் என்ற வியாபாரக் கணக்கு அது. கணக்கு பலித்தது. கன்சோல் பொம்மைப் பிரிவுக்குள் போனது. நம் மனத்திலும் அங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் அதை அன்று ஆடிய குழந்தைகள் வளர்ந்தார்கள், விட்டுவிடவில்லை. தயாரிப்பாளர்களும் அவர்கள் பின்னாலேயே போனார்கள். 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷன், இளைஞர்களையும் பெரியவர்களையும் குறிவைத்தது. 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடி படமும் காட்டியது. 15 கோடிக்கு மேல் விற்றது. உங்கள் கணவர் வயதுக்காரர்களின் பதின்பருவம் இந்தக் கன்சோல்களோடுதான் போயிருக்கிறது. இன்று அமெரிக்க வீடியோ கேம் தொழில் சங்கத்தின் ஆண்டறிக்கைகள் சொல்லும் சராசரி விளையாட்டாளரின் வயது முப்பதைத் தாண்டியது. ஆக, உங்கள் கணவர் விதிவிலக்கு அல்ல. இந்தக் கன்சோல்களின் முக்கியமான வாடிக்கையாளரே அவர் வயதுக்காரர்தான்.

சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த பொம்மைப் பாதுகாப்பு விதிகளில், பொம்மை என்பது 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடுவதற்கானது. கேம் கன்சோல், குழந்தைகளுக்கென்றே தனியாக வடிவமைத்திருந்தால் தவிர, பொம்மை அல்ல என்று பட்டியல் போட்டே சொல்லியிருக்கிறார்கள். உலக நாடுகள் சுங்கத்துக்குப் பயன்படுத்தும் பொதுப் பட்டியலிலும் பொம்மைக்கு 9503 என்ற தலைப்பு. கன்சோல் அடுத்த தலைப்பில், 9504-ல், பில்லியர்ட்ஸ் மேஜையோடும் சீட்டுக்கட்டோடும் இருக்கிறது. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள பேச்சுரிமைப் பாதுகாப்பு வீடியோ கேமுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 14 வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது.

இதற்காகக் கன்சோல் பெரியவர்களுக்கு மட்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். அது வீட்டுப் புத்தக அலமாரி மாதிரி. ஒரே தட்டில் படக்கதையும் இருக்கும், பெரியவர்கள் மட்டும் படிக்க வேண்டியதும் இருக்கும். யார் எதை எடுக்கலாம் என்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் மகனுக்கு ஏற்ற அருமையான விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. கட்டுவது, யோசித்துப் புதிர் அவிழ்ப்பது, நாலு பேர் ஒரே சோஃபாவில் உட்கார்ந்து ஆடுவது என்று. அவற்றை அவனிடமிருந்து பறிக்கத் தேவையில்லை.

கணவருக்கு இருப்பது நோயா?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இடம்பெற்றிருப்பது உண்மை. ஆனால் நிறைய நேரம் விளையாடுவதே அந்த நோய் ஆகிவிடாது. மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதில் கட்டுப்பாடு போய்விட்டிருக்க வேண்டும். மற்ற ஆர்வங்களையும் அன்றாடக் கடமைகளையும் தள்ளிவிட்டு விளையாட்டே முதலிடம் பிடித்திருக்க வேண்டும். கெடுதல் நேர்வது தெரிந்தும் தொடர வேண்டும். இதனால் குடும்பம், வேலை, படிப்பு கணிசமாகப் பாதிக்கப்பட்டு, பொதுவாக 12 மாதங்களாவது இது நீடித்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை இதோடு வைத்துப் பாருங்கள். வேலையில் குறையில்லை. மகனுக்குக் காய்ச்சல் என்றதும் அவராகவே ஒரு வாரம் நிறுத்தியிருக்கிறார். கட்டுப்பாடு போனவரால் அது எளிதில் முடியாது. ஒரு கடிதத்தை வைத்து நோய் உண்டு, இல்லை என்று தீர்ப்பெழுதுவது முறையல்ல. ஆனால் நீங்களே தந்த விவரங்கள் நோயை நோக்கிப் போகவில்லை. தூக்கம் ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. தினமும் பன்னிரண்டரை வரை விழித்து, காலையில் எழுப்ப முடியாமல் கிடப்பது உடம்புக்கும் நல்லதல்ல, அந்தக் காலை வேலை முழுவதையும் உங்கள் தலையில் கட்டுவதும் நியாயமல்ல.

ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வு இங்கே உதவும். 2020 முதல் 2022 வரை அங்கே கன்சோல் தட்டுப்பாடு இருந்ததால், கடைகள் குலுக்கல் முறையில் விற்றன. குலுக்கலில் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு, 2024-ல் வெளியான அந்த ஆய்வு, கன்சோல் வைத்திருந்ததும் விளையாடியதும் மனநலத்தைச் சற்று மேம்படுத்தியதாகக் கண்டது. நாளுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் அந்த நன்மை குறையத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்து ஆய்வு என்பதால் எல்லாக் காலத்துக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால், கன்சோல் என்றாலே மனத்தைக் கெடுப்பது என்ற முடிவுக்கு இடமில்லை என்பதற்கு இது போதும்.

"அஞ்சு நிமிஷம்" விஷயத்தில் அவர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். தனியாக ஆடும் பல விளையாட்டுகளை இடையில் நிறுத்தி வைக்கலாம். நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும் மேட்சை அப்படி நிறுத்த முடியாது. பாதியில் எழுந்தால் கூட ஆடுபவர்கள் தோற்பார்கள். அவரை நிறுத்தச் சொல்வதைவிட "இந்த மேட்ச் முடிய எவ்வளவு நேரம், முடிந்ததும் எழுந்திரு" என்று கேளுங்கள். பதில் நேராக வரும். முடிந்த பிறகும் அடுத்த மேட்ச் தொடங்கினால், அப்போது உங்கள் கோபத்தில் முழு நியாயம் உண்டு.

அந்தச் சிரிப்பையும் யோசித்துப் பாருங்கள். கல்லூரி நண்பர்களோடு அவர் வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். நாற்பதைத் தாண்டிய ஆண்களில் பலர் மனம் விட்டுப் பேச ஓர் ஆள் இல்லாமல் என் முன்னால் வந்து உட்கார்கிறார்கள். அந்த ஹெட்செட்டில் உங்கள் கணவருக்கு நட்பு இருக்கிறது. மாமியார் சொல்வதை வைத்து அதை மதிப்பிட வேண்டாம். இரண்டு மணி நேரம் டிவியில் மேட்ச் பார்த்திருந்தால், சின்னப் பையன் என்று யாரும் அவரைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் மனத்தைத் தொட்ட வரி வேறு. பாத்திரம், ஸ்கூல் பை, அலுவலக மெயில் முடித்துப் பதினொன்றே காலுக்குப் படுக்கிறீர்கள். அவர் பத்தரைக்கே ஓய்வுக்குள் போய்விடுகிறார். இதுதான் உங்கள் நியாயமான புகார், கன்சோலை எடுத்துவிட்டாலும் அப்படியே இருக்கப் போகும் புகார். அவருக்கு ஓய்வு நேரம் உரிமை என்றால், உங்களுக்கும் அதே அளவு உரிமை. "இது குழந்தைகள் சாமான், விட்டுவிடுங்கள்" என்று நீங்கள் சொல்லும்போது அவர் அவமானப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார். "பத்தரைக்கு நீங்கள் உட்காரும்போது எனக்கு இன்னும் முக்கால் மணி வேலை பாக்கி இருக்கிறது, அதைப் பாதிப் பாதியாகச் செய்துவிட்டு உட்காருங்கள்" என்று சொன்னால் அவரால் மறுக்க முடியாது.

கட்டி வைத்த பெட்டி

அதைத் தங்கை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு காரணங்கள். ஒருவர் ஆசையாக வைத்திருப்பதை அவரைக் கேட்காமல் கொடுத்துவிட்டால், அந்தப் பொருளை விட்டுப் பேச்சு அதை நீங்கள் செய்த விதத்துக்குப் போய்விடும். நியாயம் உங்கள் பக்கம் இருந்ததே மறந்துபோகும். இன்னொன்று, அதில் இன்னும் கணவரின் அக்கவுன்ட், கார்டு, 18 வயது விளையாட்டுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. உங்கள் மகனுக்கு நேர்ந்தது 6 வயதுக் குழந்தைக்கு நேரும். என்றைக்காவது உண்மையிலேயே கொடுக்க முடிவானால், முதலில் கார்டை நீக்கி, அக்கவுன்டை வெளியேற்றி, எல்லாவற்றையும் அழித்துப் புதுசு போல் ஆக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

"கோபத்தில் கட்டிவிட்டேன், உங்களைக் கேட்காமல் கொடுக்கமாட்டேன். ஆனால் மகன் விஷயத்தைச் சரிசெய்த பிறகுதான் இதைத் திரும்ப மாட்ட வேண்டும்" என்று சொல்லுங்கள். பாதி விட்டுக்கொடுக்கிறீர்கள், பாதி நிபந்தனை வைக்கிறீர்கள். பேச்சு தொடங்க இது போதும்.

வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை மாதிரி அவசரமில்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். மகனின் அக்கவுன்டை அமைக்கும் வேலையைக் கணவரிடமே விடுங்கள். அவருக்கு அந்தக் கன்சோலின் உள்ளும் புறமும் தெரியும், செய்தால் பொறுப்பும் அவருடையதாகும். முடித்ததும் உங்கள் போனிலும் அந்தப் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி இருக்கட்டும்.

மகனின் ஒன்றரை மணி நேரம் அதிகமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்தில் இருக்கும். 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இத்தனை மணி நேரம்தான் என்று ஒரே எண்ணைச் சொல்வதை அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2016-லேயே விட்டுவிட்டது. தூக்கம், படிப்பு, ஓடியாடும் நேரம் இவற்றை விழுங்காத அளவுக்கு, மாறாத ஒரு வரம்பு வையுங்கள் என்கிறது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அது நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால், மாலை நேர விளையாட்டைப் பற்றிச் சண்டை போட வேண்டியதில்லை. கன்சோல் ஹாலிலேயே இருக்கட்டும், மகனின் அறைக்குப் போக வேண்டாம். ஹெட்செட் இல்லாமல், டிவி ஸ்பீக்கரில் சத்தம் கேட்கும்படி ஆடட்டும்.

கணவருக்கு: வேலை நாளில் பதினொன்றரைக்குப் பிறகு புதிதாக மேட்ச் தொடங்குவதில்லை. வாரத்தில் இரண்டு ராத்திரி கன்சோல் கிடையாது. அந்த நேரம் உங்கள் இருவருக்கும். எந்த இரண்டு நாள் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும், நண்பர்களிடமும் முன்கூட்டிச் சொல்ல வசதி. அவர் விளையாடும் அளவுக்கு உங்களுக்கும் வாரத்தில் யாரும் கூப்பிடாத நேரம் இருக்க வேண்டும். தூங்குங்கள், படியுங்கள், வெளியே போங்கள், அது உங்கள் இஷ்டம்.

விருப்பமிருந்தால் ஒருநாள் கன்ட்ரோலரை நீங்களும் கையில் எடுத்துப் பாருங்கள். பிடித்தே ஆக வேண்டும் என்றில்லை. மகன் என்ன விளையாட்டில், யாரோடு, என்ன பேசிக்கொண்டிருக்கிறான் என்பது தெரிந்த அம்மாவாக இருப்பதற்கு அந்த அரை மணி நேரம் உதவும்.

இரண்டு மாதம் இப்படி நடந்து பாருங்கள். ஒப்புக்கொண்டதை அவர் மீண்டும் மீண்டும் மீறினால், ஒளித்து விளையாடினால், வேலைக்குப் போகாமல் இருந்தால், நிறுத்தச் சொல்லும்போது கட்டுக்கடங்காமல் கத்தினால், 12 மாதங்கள் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். மனச்சோர்வு போன்ற வேறு ஒன்று அடியில் இருந்து, விளையாட்டு அதற்கு மறைவிடமாக ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு; அதை அவர்கள்தான் பிரித்துப் பார்க்க முடியும். அவரை மட்டும் அனுப்பாமல் இருவருமாகவே போங்கள். எந்த விளையாட்டை எத்தனை மணி நேரம் ஆடினார் என்ற பதிவு பெரும்பாலும் கன்சோலிலேயே இருக்கும். அதைக் குறித்து எடுத்துச் சென்றால், மருத்துவர் முன்னால் மணிக்கணக்கைப் பற்றி நீங்கள் இருவரும் வாதாட வேண்டியிருக்காது.